சிவப்பு மூடி

உங்களில் ஒருவர் போன மாதம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு, கண்ணுக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுத்த ஆபரேஷன். பின்னணியில் புல்லாங்குழல், எலும்பைத் தேய்க்கிற இடத்தில் மிருதங்கமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் கட்டியை ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம், அதற்குக் கீழே ஓடும் எழுத்துகளில் எல்லோருக்கும் நன்றி. "எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டிருந்தார். திரும்பத் திரும்பப் பார்த்தேன். கை சுத்தம். ரத்தம் என்று சொல்ல ஒரு சொட்டு கிடையாது. "கண் எங்கே?" என்று பதில் போட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. ஸ்கேன் படத்தில் அம்புக்குறி போட்டு, "கட்டி இங்கே, கண் இங்கே மேடம்" என்று அனுப்பினார். ரிடையர் ஆன பிறகு யாரையும் திட்டுவதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். எழுதுவது திட்டுவதில் சேராது என்று நினைக்கிறேன்.

இந்த ஆபரேஷனை எப்படிச் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. காது மூக்கு தொண்டைக்காரர்களான உங்களுக்கு அது என்னைவிட நன்றாகவே தெரியும், கருவிகளும் என் காலத்தைவிட நல்ல கருவிகள். நான் படித்தபோது கண்ணுக்குப் பின்னால் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் நெற்றிப் பக்கமோ காதோரப் பொட்டுப் பக்கமோ எலும்பைத் திறப்பார்கள். இன்று மூக்குக்குள் போய், மூக்குக்கும் கண்குழிக்கும் நடுவே இருக்கும் அப்பளம் போன்ற எலும்பை எடுத்துவிட்டு உள்ளே நுழைந்துவிடுகிறோம். முகத்தில் ஒரு கீறல் விழுவதில்லை. நல்ல விஷயம்தான். எனக்கு ஆகாதது எண்டோஸ்கோப் காட்டுவது ஓடுகிற அந்தத் திரை. ஆபரேஷன் தியேட்டருக்குள் யார் வந்தாலும் திரையைப் பார்க்கிறார்கள். மயக்க டாக்டர் பார்க்கிறார், கருவி எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர் பார்க்கிறார், அடுத்த தியேட்டரிலிருந்து நூல் கடன் வாங்க வந்தவரும் நின்று பார்க்கிறார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் வைத்த டிவியில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் மாதிரி. திரைக்கு முன்னால் ஒரு மனுஷன் படுத்திருக்கிறான் என்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருவது புரியும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வாசலைத் தாண்டிக் காலெடுத்து வைத்த எவர் கண்ணிலும் சொட்டு மருந்து விழுந்துவிடும். சிவப்பு மூடி போட்ட சின்னப் பாட்டில். கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை, கண்மணியை, விரிக்கிற மருந்து. அது விரிந்தால்தான் உள்ளே இருப்பதை டாக்டர் முழுசாகப் பார்க்க முடியும் என்பது நியாயமே. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் நியாயம் எல்லாம் பார்ப்பதில்லை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்தால் போதும். என் கணவர் ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், அந்தப் பெஞ்சில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு சிஸ்டர் வந்து, "மேலே நோக்கு அங்கிளே" என்று மலையாளத்தில் சொல்லியிருக்கிறாள். சொன்னதைச் செய்து பழகிய மனிதர், நோக்கியிருக்கிறார். இரண்டு கண்ணிலும் ஊற்றிவிட்டாள். அன்றைக்குக் கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வழியெல்லாம் வெளிச்சம் கூசுகிறது என்று முனகிக்கொண்டே வந்தார்.

சிரித்தாயிற்று அல்லவா, இப்போது ஒரு டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன்.

விழிஞ்ஞம் துறைமுகத்தில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். மனைவி தம்பானூரில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. இடது கண் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது, அதை அவர் கவனிக்கவே இல்லை. மனைவி கவனித்து, தூக்கம் போதவில்லை என்று நினைத்திருக்கிறாள். அவர் கண் பிரிவுக்கு வந்தது வேறு காரணத்துக்கு. இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டில் உரசிவிட்டது, அதுவரை ஒரு கீறல் விழாத வண்டி. அதைச் சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"முன்னால போற வண்டி பிரேக் புடிச்சா, வலது கண்ணுல நல்ல செவப்பா தெரியுதும்மா. இடது கண்ண மட்டும் தொறந்து பாத்தா காவி வேட்டி கலர்ல நிக்கி" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பார்வை நரம்பு நசுங்க ஆரம்பித்தால் முதலில் மங்குகிற நிறம் சிவப்பு. அதைப் பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கண் பிரிவில் தடுக்கி விழுந்தால் கிடைப்பது சிவப்பு மூடி. அந்தச் சொட்டு மருந்துப் பாட்டில் ஒன்றை எடுத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, மறு கண்ணுக்கு நேராக மூடியைக் காட்டினேன். வலதில் சிவப்பு. இடதில், "இதேதாம்மா, காவி" என்றார்.

ஸ்கேனில் தெரிந்தது சுண்டைக்காய் அளவு கட்டி. ரத்தக்குழாய்கள் சுருண்டு சேர்ந்து உண்டாகிற வகை, புற்றுநோய் இல்லை. ஆனால் உட்கார்ந்திருந்த இடம் மோசம்: கண்குழியின் ஆழத்தில், பார்வை நரம்பை மூக்குப் பக்கமிருந்து நெருக்கிக்கொண்டு. அப்படியே விட்டால் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும். எடுக்கும்போது கை தவறினால் ஒரேயடியாகக் கொன்றுவிடும். இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் பேசினாள்.

"கண்ணு போயிரும்னா இப்பமே சொல்லிருங்கம்மா. கண்ணு போனா லைசென்ஸ் போச்சு. வண்டி இல்லன்னா அவியளுக்கு ஒரு நாள் ஓடாது. நான் கறி நறுக்கி எத்தன நாள் அவியள வீட்டுல உக்கார வச்சுப் பாக்க?"

போகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அப்படி உறுதியாகச் சொல்லக்கூடாது என்று உங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவள்தான் நான். வாயில் வந்துவிட்டது.

இந்த வேலையை ஒருவர் செய்ய முடியாது. மூக்குக்குள் நான், வெளியே கண்ணுக்குப் பக்கத்தில் கண் டாக்டர். கண்ணை அசைக்கும் தசையைச் சுற்றி அவர் ஒரு நூல் போட்டு, மெல்ல இழுத்துப் பிடித்து எனக்கு உள்ளே இடம் உண்டாக்கித் தருவார். அடிக்கடி தளர்த்திவிடவும் வேண்டும், இல்லையென்றால் நரம்பு தாங்காது. எனக்கு வாய்த்தவர் கோட்டயத்துக்காரர், மதுரையில் படித்தவர். அவர் தமிழில் இரண்டு ஊரும் இருக்கும். நான் அவரைக் கண்காரர் என்பேன். அவர் என்னை மூக்கம்மா என்பார். கெட்டிக்காரர், தங்கமான கை, ஆனால் சுடுதண்ணியைக் காலில் கொட்டிக்கொண்டது போல எப்போதும் ஒரு அவசரம்.

ஆபரேஷன் அன்று அந்த இடது கண்ணில் ஒரு சொட்டும் விழக்கூடாது என்பது என் சட்டம். மயக்கத்தில் இருக்கிறவரிடம் "தெரிகிறதா?" என்று கேட்க முடியாது. கண்மணி ஒன்றுதான் நமக்குத் தகவல் சொல்லும். நரம்பு நசுங்கினால் அது விரியும். மருந்தை ஊற்றி முன்கூட்டியே விரித்துவிட்டால் அதன் வாயைக் கட்டிவிட்ட மாதிரி. வார்டில் சொன்னேன், கண் பிரிவில் சொன்னேன். என்றாலும் அந்தப் பெஞ்சை நினைத்தால் மனசு கேட்கவில்லை. காலையில் நானே வார்டுக்குப் போய், டிரைவரின் நெற்றியில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, கண்ணில் மருந்து ஊற்றாதே என்று மலையாளத்தில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வந்தேன். "என்னம்மா, வெலை ஒட்டியாச்சா?" என்று சிரித்தார். மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் டார்ச் அடித்தும் பார்த்தேன். இரண்டு கண்மணியும் ஒரே அளவு, இரண்டும் சுருங்கின. நிம்மதியாகக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் மயக்கப் பிரிவு ஆள் இரண்டு கண்ணையும் மூடிப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார். எல்லா ஆபரேஷனுக்கும் அப்படித்தான் ஒட்டுவார்களாம். இடது கண் திறந்தே இருக்க வேண்டும் என்று சொல்லி உரிக்க வைத்தேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். அடுத்த வாரமும் ஒட்டினார், அது வேறு விஷயம்.

வேலை நன்றாகவே போனது. எலும்பு வந்தது, உறையைத் திறந்தோம், கொழுப்பை ஒதுக்கினால் கத்தரிப்பூ நிறத்தில் கட்டி எட்டிப் பார்த்தது. ஒரு பக்கம் விடுவித்தேன். அதற்குப் பின்னாலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்தது. பஞ்சுப் பட்டையை வைத்து அடைத்துக் காத்திருந்தேன். கசிவு நின்றது. திரை பளிச்சென்று ஆகிவிட்டது. பின்னால் யாரோ, "சூப்பர்" என்றார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள். கண்காரர் நூலைப் பிடித்தபடி, "இனி அஞ்சு மினிட்டு" என்றார்.

"பியூப்பிள் எப்படி இருக்கு?" என்று கண்மணியைப் பற்றிக் கேட்டேன்.

"ஓகே மேடம்" என்று பல வாய்களிலிருந்து வந்தது.

வந்த வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வி முடிவதற்கு முன்னால் பதில் வந்தால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். திரையிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினேன். அத்தனை முகமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நூலைப் பிடித்திருந்த கண்காரரும்தான்.

"ஓகேன்னு சொன்னது யாரு? பாத்துட்டுச் சொன்னேளா, பாக்காமச் சொன்னேளா? நான் கோவில் மணியா அடிச்சிண்டிருக்கேன், கேட்ட உடனே கன்னத்துல போட்டுக்க?"

கண்காரர் குனிந்து பார்த்தார். டார்ச் வாங்கி அடித்தார். பிறகு, "டாக்டரே" என்றார், குரல் மாறியிருந்தது. மூக்கம்மா போய் டாக்டர் வந்ததும் நானும் குனிந்து பார்த்தேன். கண்மணி விளிம்பு வரை விரிந்து நின்றது. வெளிச்சத்துக்கு அசையவில்லை. கை கழுவப் போகும்முன் நான் பார்த்த அதே கண்மணி.

அவர் நூலைத் தளர்த்திவிட்டார். எவரும் மூச்சு விடவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கண் பிரிவில் மேற்படிப்பு படிக்கும் பெண், எங்கள் கரமனைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்தான்.

"மேடம், டிராப்ஸ் நான் போட்டேன்."

"எப்போ?"

"தியேட்டருக்கு வெளியில, ட்ராலியில படுத்திருக்கும்போ. அந்தக் கண்ணு மாத்ரம். கான்ஃபரன்ஸுக்குக் கண்ணுக்கு உள்ளால ஒரு போட்டோ எடுக்கணும்னு இருந்தது. பக்ஷே, அதுக்குள்ள உள்ள கூப்பிட்டாச்சு."

"போட்டோ எடுத்தியா?"

"இல்ல மேடம்."

"நெத்தியில நான் ஒட்டினது என்ன, திருநீறா?"

"தியேட்டர் தொப்பி போட்டு மூடியிருந்தது மேடம். கண்டில்ல."

எடுக்காத ஒரு போட்டோவுக்காக அந்த மருந்து விழுந்திருக்கிறது. நான் டார்ச் அடித்தபோது அது வேலை செய்யத் தொடங்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை, அவளும் இதைப் படிப்பாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அத்தனை பேர் முன்னால், என் கோபம் தெரிந்தும், வாயைத் திறந்து சொன்னாளே, அதற்காக அவளை எனக்கு இன்றும் பிடிக்கும். மூடிக்கொண்டு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இதற்கு அடுத்து நடந்ததற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். தியேட்டர் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. மயக்க டாக்டர் தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். கண்காரர் வாய்விட்டுச் சிரித்தேவிட்டார்.

"அப்போ மருந்து தன்னே! நான் பேடிச்சுப் போயிட்டேன். சரி மூக்கம்மே, நமக்குப் போலாம்" என்று மறுபடி நூலைப் பிடித்தார்.

"நூலை விடுங்கோ" என்றேன்.

"காரணம் தெரிஞ்சுபோச்சே. பின்னே எந்தா?"

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, நல்ல நல்ல டாக்டர்களும் சறுக்குகிறார்கள். பயந்துபோயிருக்கும்போது ஒரு காரணம் கையில் கிடைத்தால், பயப்பட ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டுவிடுகிறோம். கண்மணி ஏன் விரிந்தது என்று தெரிந்தது, சரி. நரம்பு நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? மருந்து விழுந்த கண்மணி நரம்பு செத்தாலும் அப்படித்தான் இருக்கும், பிழைத்தாலும் அப்படித்தான் இருக்கும். அவள் சொன்னதால் நமக்குத் தெரியவந்தது, இனி அந்தக் கண்மணி நமக்கு எதையும் சொல்லாது என்பது மட்டும். முன்பு இருந்த ஒரே காவல்காரனும் தூங்கிவிட்டான் என்று தெரிந்தால் கதவைப் பூட்ட வேண்டாமா? இவர்கள் நிம்மதியாகச் சிரிக்கிறார்கள்.

"ஸ்க்ரீன் பாருங்க டாக்டரே, எத்ர க்ளீன்! ஒரு துளி ரத்தம் உண்டா?" என்றார் கண்காரர்.

"ஸ்க்ரீனைப் பாத்தது போதும். கண்ணைத் தொட்டுப் பாருங்கோ."

"எதுக்கு?"

"நான் சொல்றேன், அதுக்கு."

அலுத்துக்கொண்டேதான் செய்தார். கண் இமையை மூடி, அதன் மேல் விரல் நுனியை வைத்து மெல்ல அழுத்தினார். பிறகு துணிக்கடியில் கையை விட்டு வலது கண்ணையும் அதே மாதிரி தொட்டார். மறுபடி இடது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று.

"கல்லு" என்றார். "கல்லு போல இருக்கு."

மருந்து கண்மணியை விரிக்கும், கண்ணைக் கல்லாக்காது. நூல் தளர்ந்துதான் இருந்தது. அப்படியென்றால் பின்னால் ஏதோ சேர்ந்து கண்ணை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. திரையில் ஏன் ஒரு துளியும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கசிவு நிற்கவில்லை. நான் வைத்த பஞ்சு வழியை அடைத்திருந்தது. வெளியே வர இடமில்லாமல் ரத்தம் கட்டியின் அப்பக்கம், நரம்புக்குப் பக்கத்தில் தேங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுத்தமான படத்தைத்தான் பின்னாலிருந்து சூப்பர் என்றார்கள்.

பஞ்சை உருவினேன். கறுஞ்சிவப்பாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. திரை முழுக்கச் சிவப்பு, ஒன்றும் தெரியவில்லை. போன் வைத்திருந்தவர் போனை உள்ளே போட்டுக்கொண்டார். வரட்டும் என்று விட்டேன், உறிஞ்சிக்கொண்டே இருந்தேன், வெதுவெதுப்பான நீர் விட்டுக் கழுவினேன். கண்காரர் விரலை எடுக்கவில்லை. "குறையுது" என்றார். கொஞ்சம் கழித்து, "இளகுது டாக்டரே." இன்னும் கழித்து, "இப்போ மத்தக் கண்ணு போலத்தான்." திரை தெளிந்தபோது கசிந்த குழாய் நேராகக் கண்ணில் பட்டது. அதைச் சுட்டு அடைத்தேன்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. போலாம் போலாம் என்று குதித்தவர், "இன்னிக்கு மதி. நிறுத்திடலாம். பாக்கி பின்னே எடுக்கலாம்" என்கிறார். பயம் வராமல் இருந்தவருக்கு இப்போது பயம் மட்டுமே வருகிறது. எனக்கு இரண்டின் மேலும் எரிச்சல். பாதி விடுவித்த கட்டியை உள்ளே விட்டுவிட்டு வந்தால், அது வார்டில் கசியும், அங்கே யார் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? பிறகு திறந்தால் எல்லாம் தழும்பாகி நரம்போடு ஒட்டியிருக்கும். அந்த டிரைவருக்கு இன்னொரு வாய்ப்பு இதைவிட மோசமானதாகத்தான் இருக்கும். ரத்தக்குழாயைக் கண்டுபிடித்தாயிற்று, கண் இளகியாயிற்று. தொடரலாம் என்றேன். ஆனால் கண்மணி பேசாத ஆபரேஷனை எப்படித் தொடர்வது?

அந்தக் கரமனைப் பெண்ணைக் கூப்பிட்டேன். கை கழுவி, கையுறை மாட்டி, திரைக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். கண்காரர் நூலைத் தளர்த்தும்போதெல்லாம் அவள் டிரைவரின் இமை மேல் விரல் வைத்து, எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். திரையைத் திரும்பிப் பார்த்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னேன். தண்டனை என்று நினைத்துக்கொண்டாள். அந்த அறையில் அதைவிடப் பெரிய வேலை யாருக்கும் இல்லை.

"மெத்துனு இருக்கு மேடம்" என்றாள். நாங்கள் வேலை செய்தோம். "மெத்துனு இருக்கு." மறுபடி வேலை. ஒருமுறை, "கொஞ்சம் கெட்டியாகுது" என்றாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுச் சும்மா நின்றோம், அவள் மெத்து என்று சொல்லும் வரை. கண்காரர் அஞ்சு மினிட்டு என்று சொல்வதை நிறுத்தியிருந்தார். கட்டி முழுசாக வெளியே வந்தபோது அவள் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

டிரைவரை மயக்கத்திலிருந்து எழுப்பும் அறைக்குக் கொண்டுபோனோம். மனைவியைக் கதவோரம் நிற்கவிட்டோம், ஆஸ்பத்திரிச் சட்டம் என்னவாக இருந்தாலும். அவர் கண் விழித்தார். முதலில் சொன்னது இதுதான்: "மங்கலா இருக்கும்மா. வெளிச்சம் கூசுது."

கண்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கதவோரத்தில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். என் கணவர் பஸ்ஸில் முனகியதும் அதே வார்த்தைகள்தான், ஆனால் நரம்பு அடிபட்டாலும் மங்கலாகத்தானே இருக்கும்? பாழாய்ப்போன மருந்து, தியேட்டருக்குள் ஒருமுறை கண்மணியின் வாயை அடைத்தது போதாதென்று இங்கேயும் குறுக்கே நிற்கிறது.

"அந்தப் பாட்டில் எங்கே?" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

அவள் பையில்தான் இருந்தது. வாங்கி, அவருடைய வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடி, இடது கண்ணுக்கு நேராகச் சிவப்பு மூடியைப் பிடித்தேன்.

"இது என்ன கலர், சொல்லுங்கோ."

கண்ணை இடுக்கினார். நீர் வழிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"காவி" என்றார்.

கண்காரருக்குத் தோள் தொங்கிவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே ஆடலாம் போல இருந்தது. காவி என்றால் எதுவும் போகவில்லை! வந்த அன்று என்ன பார்த்தாரோ அதையே பார்க்கிறார். செத்த நரம்புக்குக் காவி தெரியாது, எந்த நிறமும் தெரியாது. இத்தனை நாள் நசுங்கிக் கிடந்த நரம்பு எழுந்து உட்கார நாளாகும். மனைவியிடம் போய், "போகலை" என்றேன்.

"என்னதும்மா போகல?"

"கண்ணு."

அவள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். கண்காரர் அதை இன்றைக்கும் சொல்லிக் கேலி செய்வார்.

சில வாரங்கள் கழித்து டிரைவரும் மனைவியும் பரிசோதனைக்கு வந்தார்கள். நான் என் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, படியில் தடுமாறி, மனைவி கையைப் பிடித்து அழைத்துவர வருகிறார். எழுந்து ஓடினேன்.

"என்ன ஆச்சு?"

"வாசல்ல செத்த உக்காந்தோம்மா" என்றாள் மனைவி, அவளுக்கே எரிச்சல் தாங்கவில்லை. "மேல பாருன்னாவ. ரெண்டு கண்ணுலயும் ஊத்திட்டாவ. எனக்கும் ஊத்த வந்தாவ, நான் எந்திச்சிட்டேன்."

எத்தனை அறிவிப்பு, எத்தனை மீட்டிங், எத்தனை சத்தம். நான் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மேஜையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன். கண்மணி விரிந்திருந்தால் என்ன, நிறம் எங்கேயும் போகாது. அவரே வாங்கிக்கொண்டார். வலது கண்ணை மூடி இடதால் பார்த்தார், இடதை மூடி வலதால் பார்த்தார், மறுபடி மாற்றினார். ரிவர்ஸ் எடுக்கிற டிரைவர் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாரே, அப்படி.

"ஒரே செவப்பும்மா" என்றார். "பிரேக் லைட்டு செவப்பு."

அன்று மத்தியானம் விழிஞ்ஞத்தில் வேலைக்குத் திரும்பச் சேர வேண்டியவர். மருந்து இறங்கும் வரை வண்டியைத் தொட முடியாது. மனைவி போனைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சூப்பர்வைசருகிட்ட என்னம்மா சொல்ல? கண்ணு சரியாயிட்டு, ஆனா இன்னைக்கு மட்டும் கண்ணு தெரியாதுன்னா சொல்ல?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கிப் போனார். சிரிப்புச் சத்தம் கீழே வரை கேட்டது. நானும் கீழே போனேன், கண் பிரிவுக்கு. அங்கே என்ன பேசினேன் என்பதை உங்களுக்குச் சொல்ல அந்தச் சிஸ்டர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே, வீடியோ அனுப்பிய தம்பி, நான் கண் எங்கே என்று கேட்டது இதற்காகத்தான். புல்லாங்குழல் இருக்கட்டும், மிருதங்கமும் இருக்கட்டும். அடுத்த தடவை அனுப்பும்போது, திரைக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு ஆள் அந்தக் கண்ணின் மேல் விரல் வைத்து நிற்பது ஓரத்தில் தெரிய வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்வேன்.